சீனிச் சம்பலும் 100 மில்லிலீற்றரும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் தொழிலுக்குப் போகிறவர்களின் பொதியில் உம்மா வதக்கிக் கொடுத்த சீனிச் சம்பலும் ஒரு போத்தல் ஸ்ட்ரோபெரி ஜேமும் இல்லாமலிருப்பது அபூர்வம். விமான நிலையச் சோதனையில் அவை குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "இது தண்ணீர் இல்லையே, சாப்பாடுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது. கைப்பொதியில் ஒரு போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளக்கூடாது. எல்லாப் போத்தல்களும் ஒரு லீற்றர் கொள்ளும் தெளிவான பை ஒன்றுக்குள் அடங்க வேண்டும். பூசக்கூடிய, வழியக்கூடிய எதுவும் இங்கே திரவம்தான். ஜேம், பீனட் பட்டர், கித்துள் பாணி, எண்ணெய் மிதக்கும் சம்பல் எல்லாம் அதில் சேரும். பார்ப்பது போத்தலின் கொள்ளளவை. பெரிய போத்தலின் அடியில் இரண்டு கரண்டிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. கித்துள் கருப்பட்டி கட்டியாக இருப்பதால் பொதுவாகத் தப்பிவிடும். சில நாடுகளின் விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர்களோடு விதியைத் தளர்த்தியிருந்தாலும், புறப்படும் இடத்திலும் மாறும் இடத்திலும் உள்ள விதியே நம்மைக் கட்டுப்படுத்தும்.

ஆகவே சம்பலைப் பெரிய சூட்கேஸில் போட்டு அனுப்பிவிடுங்கள். அங்கே இந்த 100 கணக்கு இல்லை. பயம் கசிவு மட்டும்தான்.

இதில் மலையகத்தாருக்கு ஓர் அனுகூலம் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,100 அடி உயரம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 8,000 அடி உயரத்தில் உள்ளதைவிடக் குறையாதபடி வைத்திருக்கிறார்கள். பயணிகள் விமானங்களில் பொதி அறையும் அப்படித்தான். நுவரெலியாவில் இறுக மூடிய போத்தலுக்கு உள்ளும் புறமும் அழுத்த வித்தியாசம் மேலே சொற்பமே. கொழும்பில் மூடியதில் அடைபட்ட கடல்மட்டக் காற்று மேலே விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். எனவே வழியில் நீர்கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், "கொஞ்சம் ருசி பார்ப்போம்" என்று திறந்துவிடாதீர்கள்! மூடிக்குக் கீழே பொலித்தீன் ஒன்று வைத்து, போத்தலை இரட்டைப் பையில் கட்டி, உடுப்புகளுக்கு நடுவே வையுங்கள்.

இறங்கும் நாட்டின் சட்டம் வேறு. அவுஸ்திரேலியாவில் உணவுப் பொருளைப் பயண அட்டையில் எழுதியாக வேண்டும், மறைத்தால் தண்டப்பணம். மாசி போட்ட சம்பலையும் எழுதத்தான் வேண்டும். பிரித்தானியாவுக்கோ இங்கிருந்து பட்டரும் சீஸும் கொண்டுபோக அனுமதியே இல்லை.