'மூடுபனி' கிட்டார், உங்கள் வீட்டிலும்!

ஊட்டிக்கு நகரும் கதை, பிரதாப் போத்தன் கையில் கிட்டார், 'என் இனிய பொன் நிலாவே' பாட்டு... பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980), இளையராஜாவின் 100-வது படம். அந்த இதமான ஒலியை வீட்டிலேயே நெருங்கலாம்.

டிஸ்டார்ஷன் வேண்டாம். முதலில் கம்ப்ரஸர், அடுத்து கோரஸ், கடைசியில் ரிவெர்ப் பெடல். கம்ப்ரஸர் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். கோரஸ், ஒலியின் நகலைச் சில மில்லி விநாடி தாமதமாக்கி, அந்தத் தாமதத்தை லேசாக அசைத்து அசலோடு கலக்கும். ஒரு கிட்டார் இரண்டாகக் கேட்கும். வேகம், ஆழம் இரண்டையும் குறைவாக வையுங்கள். 1970-களின் அனலாக் பெடல்களில் ஒலியின் கூர்மை சற்று மழுங்கும். டிஜிட்டல் பெடல் என்றால், கிட்டாரின் 'டோன்' திருகைக் கொஞ்சம் குறையுங்கள்.

முதலில் பெடல் இல்லாமலே பழகுங்கள். விரலின் தடுமாற்றத்தை எந்தப் பெடலும் மறைக்காது. நீலகிரி வாசகர்களுக்கு ஒரு டிப்ஸ்: ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்!