மூடியது ஒன்றை, விழுந்தது இன்னொன்று

பில் போடும் நிரல் எக்செலைத் திறக்கிறது, அறிக்கையை நிரப்பி அச்சடிக்கிறது, மூடுகிறது. மூடிய கையோடு தானும் விழுகிறது. பழி எக்செல் தலையில். பெரும்பாலும் கோளாறு மூடிய விதத்தில்தான்.

விண்டோஸில் ஒரு நிரலை மூட இரண்டு வழிகள். ஒன்று, 'மூடிக்கொள்' என்று செய்தி அனுப்புவது. ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை நாம் அழுத்தினாலும் கடைசியில் போய்ச் சேர்வது இதே செய்திதான். பெற்ற நிரல் 'சேமிக்கட்டுமா?' என்று கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். மற்றது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. சேமிக்க, துடைக்க, எதற்கும் அவகாசமில்லை. லினக்ஸிலும் இதே கதைதான்: அங்கே 15-ஆம் சிக்னல் சொல்லிப் பார்க்கும், 9-ஆம் சிக்னல் கேள்வி கேட்காமல் முடிக்கும்.

சொல்லி மூடுவதிலும் சிக்கல் உண்டு. பின்னணியில் திறந்த எக்செல் கண்ணுக்குத் தெரியாது. அது 'சேமிக்கட்டுமா?' என்று கேட்டுக் காத்திருந்தால் பதில் சொல்ல யாருமில்லை. இன்னொரு நிரல் எக்செலின் பொருள்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது முழுதாக வெளியேறாமலும் போகலாம். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சலித்துப்போன நிரலாளர் பலவந்தத்துக்குத் தாவுகிறார். பெயரைச் சொல்லிக் கொன்றால், பயனர் தானே திறந்து வைத்திருந்த கணக்கும் சேர்ந்து போகும். இதைவிட மோசமான உபசாரம் கிடையாது. பிறகு பில் நிரல் செத்த எக்செலிடம் இன்னொரு வேலை கேட்கும். விஷுவல் பேசிக்கில் எழுதியது என்றால் 462 என்ற பிழை எண் வந்து நிற்கும்.

துப்பறிய ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'அப்ளிகேஷன்' பதிவில் 1000 என்ற எண்ணைத் தேடுங்கள். விழுந்த நிரல், விழுந்த மாட்யூல், நேரம் மூன்றும் இருக்கும். அங்கே பெயர் இருப்பதாலேயே அந்த மாட்யூல் குற்றவாளி ஆகிவிடாது. விழுந்த இடம் வேறு, தள்ளிய கை வேறு. நேரத்தைப் பாருங்கள்: மூடும் கட்டளை போன நொடியிலேயே விழுந்ததா, அடுத்த அறிக்கை கேட்டபோதா? பின்னதென்றால் செத்த இணைப்பைத்தான் தேட வேண்டும்.

திருத்தத்தில் வரிசைதான் முக்கியம். முதலில் கோப்பை மூடி, எக்செலை வெளியேறச் சொல்லி, பிடித்திருக்கும் பொருள்களை விட்டுவிட்டு, அது போய்ச் சேரும்வரை சில நொடிகள் பொறுக்க வேண்டும். அப்போதும் அசையாவிட்டால் பலவந்தம் சரி. ஆனால் பெயரைச் சொல்லி அல்ல, பில் நிரல் திறந்த எக்செலின் புராசஸ் எண்ணைச் சொல்லி.