இணையக் கடையின் இயக்க நெறி

இணையக் கடை என்பது, விற்போர் தம் பொருளைச் சொல்லாலும் படத்தாலும் விலையாலும் விரித்துரைத்து, எவ்வூராரும் எந்நேரமும் அணுகுமாறு ஒரு வழங்கியில் நிறுத்திவைத்த பக்கங்களின் தொகுதியாகும். அத்தொகுதியைக் கட்டிக்காப்பது ஒரு வினை; அதனைக் கொள்வோர் கண்முன் கொண்டுசேர்ப்பது மற்றொரு வினை. முன்னதை நடத்துகை என்றும், பின்னதைப் பரப்புகை என்றும் வகுத்துக்கொள்வோம். இவ்விரண்டும் நற்பேற்றால் மட்டுமே கைகூடுவன என்றெண்ணிச் சிறுவணிகர் பலர் தயங்கி நிற்கின்றனர். அத்தயக்கத்திற்கு இடமில்லை. பெயர் முகவரியாவதும், சொல் அடைவேறுவதும், தொடுப்பு தரமாவதும், ஏலத்தில் இடம் பெறுவதும் எண்ணிக் கணக்கிடத்தக்க நெறிகளால் நிகழ்கின்றன. அந்நெறிகளைத் தமிழில் ஐயமறச் சொல்ல இயலும். கடை நடத்துவோர் தமிழில் எண்ணுகின்றவர்கள் ஆதலால், தமிழில் சொல்லியே ஆகவேண்டும்.

நெறியை ஒரு பொருளின்மேல் ஏற்றிக் காண்பது தெளிவு தரும். நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில், கோரைப்புல்லைப் பொருநை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாகச் செலுத்தி நெய்கின்ற பாய், புவிசார் குறியீடு பெற்றது. மிக நுண்ணிய இழையால் ஆனதைப் பட்டுப்பாய் என்பர். மணமக்கள் பெயரை உள்ளே நெய்து தரும் மணப்பாயும் அவ்வூரில் உண்டு. இப்பாய்களை விற்கும் ஒரு குடும்பம் இணையக் கடை திறப்பதாகக் கொள்வோம்.

முதலில் வேண்டுவது களப்பெயர். கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மாந்தர் பெயரால் அறிகின்றனர். இவ்விரண்டையும் இணைக்கும் களப்பெயர் முறைமையைப் பால் மொகபெட்ரிசு 1983-இல் வகுத்தார். பெயரின் வலக்கோடியில் நிற்கும் மேல்நிலைக் களத்தில் தொடங்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படி இடப்புறம் நகர்ந்து, உரிய வழங்கியின் எண்ணை அம்முறைமை தேடித் தருகிறது. உலகப் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் இல்லை. ஒவ்வொரு நிலையும் தனக்கு அடுத்த நிலையை மட்டும் அறிந்தால் போதும் என்னும் பகிர்வினால்தான் இப்பெருவினை நொடிக்கும் குறைந்த நேரத்தில் முடிகிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் மேல்நிலைக் களப்பெயர்கள் தமிழெழுத்திலும் உள்ளன. ஆகவே முகவரி முழுமையும் தமிழாக அமையக் கூடும். எம்மொழிப் பெயரைக் கொண்டாலும், அதனைத் தளம் அமைத்துத் தருபவர் பெயரில் பதியாமல், கடைக்குரியவர் தம் பெயரிலேயே பதிந்து, உரிய காலத்தில் தவறாது புதுப்பிக்க வேண்டும். களப்பெயர் கைவிட்டுப் போனால் கடையே போயிற்று.

அடுத்தது விரைவு. ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். கண்ணாடியிழைக்குள் அதன் விரைவு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டராகக் குறைகிறது. வழங்கி 15,000 கிலோமீட்டர் வடத்தொலைவில் இருந்தால், ஒரு கேள்வி போய் ஒரு விடை திரும்புவதற்கு 0.15 நொடி ஆகும்; எவ்வளவு பொருட்செலவு செய்தாலும் அந்நேரத்தைக் குறைக்க இயலாது. இணைப்பை நிறுவவும், மறையாக்கத்தை உடன்படவும், பக்கத்தைக் கேட்கவும் பொதுவாக மூன்று போக்குவரவு வேண்டுமாதலால், முதல் எழுத்து வந்துசேருமுன் ஏறத்தாழ அரை நொடி கழிகிறது. வழங்கியோ அதன் படியோ 1,000 கிலோமீட்டருக்குள் இருந்தால், அதே மூன்று போக்குவரவும் 0.03 நொடியில் முடியும். உலகின் பல முனைகளில் படிகளை வைத்துக் காக்கும் பகிர்வலைகள் இந்த அடிப்படையில் எழுந்தவையே.

தமிழில் எழுதினால் பக்கம் கனக்கும் என்று சிலர் கூறுவதுண்டு. அதனை எண்ணிப் பார்ப்போம். ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதிக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இணையப் பக்கங்களில் பெருவழக்காக உள்ள குறியாக்கத்தை 1992-இல் கென் தாம்சனும் இராபு பைக்கும் வகுத்தனர். அதில் அத்தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் மூன்று எண்ணுண்மிகளைக் கொள்ளும். பைட்டு எனப் பலரும் அறிந்ததே எண்ணுண்மி. ‘பாய்’ என்பதில் பகரம், கால், யகரம், புள்ளி என நான்கு குறிகள். ஆகவே 12 எண்ணுண்மிகள். ஆயின் ஒரு குறியின் மூன்று எண்ணுண்மிகளுள் முதலாவது அத்தொகுதியின் எல்லாக் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டே வடிவங்களில் ஒன்று. மூன்றாவது மட்டுமே குறிக்குக் குறி பலவாறாக மாறுகிறது. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதே சுருக்க முறையின் தொழிலாதலால், வழங்கி தமிழ் உரையைப் பெருமளவு சுருக்கி அனுப்புகிறது. கைபேசியில் எடுத்த ஓர் ஒளிப்படமோ பல பத்து இலக்கம் எண்ணுண்மிகளைக் கொள்ளும். ஒரு நூலின் முழு உரையும் அதனுள் அடங்கிவிடும். பக்கத்தைக் கனக்கச் செய்வது சுருக்காமல் ஏற்றிய படமே அன்றித் தமிழன்று.

இனி, கொள்வோர் தேடும்போது கடை எவ்வாறு அகப்படுகிறது என்பதைக் காண்போம். இதுவே பரப்புகையின் உயிர்நிலை. தேடுபொறி, தேடும் நொடியில் உலகைத் துழாவுவதில்லை. அதன் ஊர்விகள் தொடுப்புகளின் வழியே முன்னரே பக்கங்கள்தோறும் சென்று, உரையைப் படியெடுத்து வந்திருக்கின்றன. எப்பக்கத்துள் வரலாம், எப்பக்கத்துள் வரலாகாது என அவற்றுக்கு அறிவிக்கும் கோப்பு முறையை 1994-இல் மார்டைன் கோசுடர் முன்மொழிந்தார். உள்ள பக்கங்களை எல்லாம் வரிசைப்படுத்திக் கொடுக்கும் தளவரைவு 2005-இல் வந்தது. படியெடுத்த உரையிலிருந்து தலைகீழ்ச் சொல்லடைவு ஆக்கப்படுகிறது. பக்கத்தின்கீழ்ச் சொற்களை அடுக்காமல், சொல்லின்கீழ்ப் பக்கங்களை அடுக்குவது தலைகீழ்ச் சொல்லடைவு எனப்படும். ‘பத்தமடை’ என்று ஒருவர் தேடினால், அச்சொல்லின்கீழ் முன்னரே அடுக்கிய பக்கங்கள் மட்டும் எடுக்கப்படுகின்றன. கோடிக்கணக்கான பக்கங்களிடையே விடை நொடிப்பொழுதில் வருவதற்கு இவ்வடுக்குமுறையே அடிப்படை.

எல்லாச் சொல்லும் ஒரே எடையுடையன அல்ல. அரிய சொல் மிகுதியாக அறிவிக்கும் என்னும் நெறியைக் கேரன் சுபார்க்கு சோன்சு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1972-இல் நிறுவினார். மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையைச் சொல் வரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஈவுக்கு மடக்கை காண்பது அவர் முறையின் சாரம். பத்து இலக்கம் பக்கங்களுள் ஓர் இலக்கத்தில் ‘பாய்’ வருவதாகக் கொண்டால், ஈவு 10, பத்தடி மடக்கையில் எடை 1. ‘பத்தமடை’ 100 பக்கங்களில் மட்டும் வருவதாகக் கொண்டால், ஈவு 10,000, எடை 4. அன்றியும் ‘பாய்’ என்பது விரிப்பையும் குறிக்கும், தாவு என்னும் ஏவலையும் குறிக்கும். அருகில் கோரை, நெசவு, பாவு, பட்டுப்பாய் என்னும் சொற்கள் நின்றால்தான் பொறிக்குப் பொருள் துணியும். ஆகவே ‘உயர்ந்த பாய், சிறந்த பாய்’ என அடுக்கிய பக்கத்தைவிட, கோரை எங்கே அறுக்கப்படுகிறது, எத்தனை நாள் ஊறுகிறது, சாயம் எவ்வாறு ஏறுகிறது என்று கைத்தொழிலை உள்ளவாறே எழுதிய பக்கம் எடையில் மிகும். தொழிலறிந்தவர் எழுத்துக்கு இந்நெறி இயல்பாகவே துணை நிற்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

தமிழுக்கே உரிய சிலவற்றைத் தனியே கருத வேண்டும். பாயை, பாயில், பாயின், பாய்களுக்கு என வேற்றுமையும் பன்மையும் ஏறி ஒரு சொல் பல வடிவம் கொள்கிறது. இவற்றை வேர்வடிவுக்கு ஒடுக்கும் வினையைப் பொறிகள் இன்னும் முழுத்திறத்துடன் செய்வதில்லை. ஆதலால் தலைப்பில் திரியாத வடிவையும், உரையுள் இயல்பாக வரும் வடிவுகளையும் அமைத்தல் நன்று. 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகளிலும், அவற்றின் முன்னைய எழுத்துருக்களிலும் தட்டிய விலைப்பட்டியல்கள் இன்றும் பல கடைகளில் உள்ளன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் ஏற்றினால், ஊர்வியின் பார்வையில் அவை பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே. அழகிய எழுத்தில் பொருளின் பெயரையும் விலையையும் படத்துக்குள் வரைந்து, உரையாக எங்கும் எழுதாமல் விடுவதும் அவ்வகைக் குறையே. படந்தோறும் மாற்றுரை எழுதுக. அது ஊர்விக்கு மட்டுமன்றி, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பிக்கும் வாய்மொழி ஆகிறது. சென்னையிலிருந்து தமிழில் தேடுவோர்க்கும், தில்லியிலிருந்து ஆங்கிலத்தில் தேடுவோர்க்கும் தனித்தனி முகவரியில் பக்கம் அமைத்து, இது அதன் இணைமொழிப் பக்கம் எனக் குறியிட்டுக் காட்டவும் வழியுண்டு.

சொல்லால் ஒத்த பக்கங்களுள் எது முன்நிற்பது என்பதைத் துணியவே தொடுப்புத்தரம் எழுந்தது. 1998-இல் இசுடான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இலாரி பேச்சு, செர்கே பிரின் இருவரும் வெளியிட்ட முறை இது. அவர்களே கூகிளை நிறுவினர். ஒருவர் இலக்கின்றித் தொடுப்புகளைச் சொடுக்கிக்கொண்டே செல்வதாகக் கொள்க. ஒவ்வொரு படியிலும் 0.85 நிகழ்தகவுடன் அப்பக்கத்துத் தொடுப்புகளுள் ஒன்றைப் பற்றுவார், 0.15 நிகழ்தகவுடன் சலித்து, எங்கோ ஒரு பக்கத்துக்குத் தாவுவார். நெடுங்காலம் இவ்வாறு உலவினால் அவர் ஒரு பக்கத்தில் நிற்கும் நிகழ்தகவு எதுவோ, அதுவே அப்பக்கத்தின் தரம். எங்குத் தொடங்கினாலும் அந்நிகழ்தகவு ஒரே எண்ணில் நிலைகொள்ளும் என்பது கணக்கியலின் உறுதி. ஒரு தொடுப்பைத் தாண்டும்போது மதிப்பு 0.85 மடங்காகத் தேய்கிறது. நான்கு தொடுப்பு தாண்டினால் ஏறத்தாழப் பாதியே எஞ்சும். மேலும், ஒரு பக்கம் தன் மதிப்பைத் தன் தொடுப்புகள் அனைத்துக்கும் பகிர்ந்தளிக்கிறது. ஆகவே ஆயிரம் தொடுப்புகளை வாரியிறைக்கும் பக்கத்தில் விலைக்கு வாங்கிய இடத்தைவிட, நெசவு பயிற்றும் கல்லூரியோ கைத்தொழில் அருங்காட்சியகமோ ஆராய்ந்து இட்ட ஒரு தொடுப்பு பெரிது. இன்றைய பொறிகள் வேறு பல அளவைகளையும் சேர்த்தே தரம் காண்கின்றன. தொடுப்பை விலைக்குக் கொள்வதை அவை விலக்கியும் உள்ளன. விலைக்குத் தொடுப்புப் பெற்றுத் தருவதாகச் சொல்வோரிடம் சிறுவணிகர் ஒரு காசும் கொடுக்க வேண்டா.

பொருள் கொடுத்துப் பெறும் முன்னிடம் வேறு. அது வெளிப்படையான விளம்பர ஏலம். ஏலத்தில் வென்றவர் தம் விலையைச் செலுத்தாமல் அடுத்தவர் விலையைச் செலுத்தும் முறையை 1961-இல் ஆராய்ந்தவர் வில்லியம் விக்ரே; 1996-இல் பொருளியல் நோபல் பெற்றார். தேடுபொறி ஏலங்கள் அம்முறைக்கு உறவானவை. ஆயின் விலையை மட்டும் நோக்காமல், சொடுக்கப்படும் வாய்ப்பால் விலையைப் பெருக்கி வரிசை காண்பன. ஒரு பெருங்கடை சொடுக்குக்கு 10 உரூபா கேட்க, அதன் விளம்பரம் 100 பேருள் இருவரை ஈர்க்கிறது என்க, பெருக்கம் 0.20. பாய்க்கடை 6 உரூபா கேட்க, தெளிவான சொல்லால் அது நால்வரை ஈர்க்கிறது என்க; பெருக்கம் 0.24. சிறிய கடையே முன்நிற்கும். அது செலுத்துவதும் 6 உரூபா அன்று, 0.20-ஐ 0.04-ஆல் வகுக்க வரும் 5 உரூபாவும் அதன்மேல் ஒரு சிறு காசுமே. செல்வத்தைப் பொருத்தம் வெல்வதற்கு இவ்வமைப்பில் இடமிருக்கிறது. எனினும் உச்ச விலையை வகுத்தே ஏலத்துள் இறங்க வேண்டும்: ஒரு பாயில் 400 உரூபா மிச்சமாகி, வருவோர் 100 பேருள் இருவர் வாங்குவாராயின், ஒரு வருகையின் மதிப்பு 8 உரூபா, அதற்குமேல் கேட்பது இழப்பு.

இந்த ‘100 பேருள் இருவர்’ என்பதை அளந்தறிவதில்தான் பலர் வழுவுகின்றனர். பொத்தானின் நிறத்தை மாற்றிய கிழமையில் 100 வருகைக்கு விற்பனை இரண்டிலிருந்து நான்கானால், இருமடங்கு வெற்றி என்று முடிவுகட்டிவிடுகின்றனர். அரிதாக நிகழ்வனவற்றின் எண்ணிக்கை தன் வர்க்கமூல அளவுக்குத் தானே ஊசலாடும் என்பதைப் புவாசோன் 1837-இல் வெளியிட்ட பரவல் காட்டும். இரண்டுக்கும் நான்குக்கும் வேறுபாடு 2. இரண்டையும் கூட்டிய ஆறின் மூலமோ ஏறத்தாழ 2.4. வேறுபாடு ஊசலைவிடச் சிறிது. ஆகவே ஒன்றும் தெளியவில்லை. வருகை 1,000 ஆகி, விற்பனை 20-லிருந்து 40 ஆனால், வேறுபாடு 20, ஊசல் ஏறத்தாழ 7.7, அப்போது மாற்றத்தை ஏற்கலாம். சிறுகடை கிழமைக்கு ஒருமுறை தளத்தைப் புரட்டாமல், திங்கள் சில பொறுத்து அளப்பதே அறிவுடைமை.

பாதுகாப்பு, பணம் பெறுதல், ஆணை ஏற்றல் ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மறையாக்கச் சான்றிதழ் 2015 முதல் விலையின்றியே கிடைக்கிறது. 2016-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற இடைமுகம், யூபிஐ என யாவரும் அறிந்தது, சிறுதொகையையும் உடனே கணக்கில் சேர்க்கிறது. மணப்பாய்க்குப் பெயர் கேட்கும் பெட்டி தமிழெழுத்தை ஏற்க வேண்டும். நெய்வதற்கு முன் அப்பெயரை வாங்குவோர்க்கே திருப்பிக் காட்டி ஒப்புதல் பெறவும் வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. கைவினைக் கடைக்காரர் பலரும் இதில் தவறுகின்றனர். பட்டுப்பாய் ஒன்று விற்றதும் அதன் பக்கத்தை அழித்துவிடுகின்றனர். அப்பக்கத்தை நாடி வருவோர்க்கு 404 என்னும் விடைக்குறி, அதாவது ‘இங்கு இல்லை’ என்பதே கிடைக்கும். நாளடைவில் ஊர்வி அதனை அடைவிலிருந்து நீக்கும். பிறர் இட்ட தொடுப்புகளால் அது ஈட்டிய தரமும் கரையும். பக்கத்தை நிறுத்தி, ‘விற்றது, இவ்வகையில் நெய்து தரப்படும்’ என எழுதி, கையிருப்பு இன்மையைப் பொறி படிக்கும் குறியாலும் அறிவிப்பதே நெறி, அக்குறிகளுக்கான பொதுச் சொற்றொகுதியைத் தேடுபொறி நிறுவனங்கள் 2011-இல் கூடி வகுத்தன. வகையே நின்றுபோனால், 301 என்னும் விடைக்குறியால் அம்முகவரியை நெருங்கிய மற்றொரு பாயின் பக்கத்துக்கு நிலையாகத் திருப்பிவிடலாம். பழைய தொடுப்புகளின் மதிப்பு புதிய பக்கத்துக்குச் சென்று சேரும்.