கணினித் திரையைச் சுத்தம் செய்வோம், கணக்கைத் தொலைக்காமல்!



சேமிப்பு, கடன், வருகை, தீர்மானம் என்று நம் குழுக்கள் பல வருஷமாகப் பதிவேடு எழுதி வருகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கூட அட்டையைப் பார்த்தே "இது கடன் நோட்டு" என்று எடுத்துத் தந்துவிடுவார். அவ்வளவு ஒழுங்கு! ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கூட்டமைப்பு அலுவலகங்களில் கணினியைத் திறந்து பார்த்தால் என்ன தெரிகிறது? திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். வங்கிக்கடன் மனு ஒரு மூலையில், ஆண்டு விழா போட்டோ ஒரு மூலையில், யாருடைய ஆதார் நகலோ நட்டநடுவில். வங்கியில் கேட்ட தீர்மான நகலைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

"கொஞ்சம் சுத்தம் பண்ணலாமே" என்று சொன்னால், "வேண்டாங்க்கா, எதையாவது அழிச்சா புரோகிராமே போயிரும்" என்கிறார்கள். இந்தப் பயத்தால் திரை நாளுக்கு நாள் அடைந்துகொண்டே போகிறது. கடைசியில் வெளியாள் யாராவது வந்து "ஃபார்மட் பண்ணிருவோம்" என்றால் சரி என்று தலையாட்டி விடுகிறோம். ஃபார்மட் என்றால் அந்தப் பகுதியில் இருப்பதை எல்லாம் துடைத்து விடுவது. திரையைச் சுத்தம் செய்ய அது தேவையே இல்லை. எந்தப் புரோகிராமையும் நீக்கவும் வேண்டாம்.

டெஸ்க்டாப் என்றால் என்ன?

டெஸ்க்டாப் என்ற சொல்லுக்கு மேஜையின் மேல்பரப்பு என்று அர்த்தம். அலுவலக மேஜையில் தாளும் கோப்பும் இருப்பதுபோலத் திரையிலும் படங்களாகக் காட்டலாம் என்ற யோசனையோடு 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிறகு 1995-ல் வந்த விண்டோஸ் 95 அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆக, இது ஒரு மேஜைதான். வேலை செய்யும் இடம். பொருள் போட்டு வைக்கும் அறை அல்ல.

அம்புக்குறியைப் பாருங்கள்

திரையில் உள்ள படங்களை உற்றுப் பாருங்கள். சிலவற்றின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கும். அதுதான் ஷார்ட்கட், அதாவது குறுக்குவழி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பால்கோவா கடைக்கு அம்புக்குறி போட்ட போர்டு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் போர்டை எடுத்துவிட்டால் கடை மூடிப்போகுமா? போகாது. கடை அதே இடத்தில்தான் இருக்கும், பால்கோவாவும் கிடைக்கும். ஷார்ட்கட்டும் அப்படித்தான். அது வழிகாட்டும் போர்டு மட்டுமே. அதை நீக்கினால் புரோகிராம் நீங்காது. ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பெயரைத் தட்டினால் மறுபடியும் திறக்கலாம்.

அம்புக்குறி இல்லாத படம் வேறு. அது பெரும்பாலும் உண்மையான கோப்பு, கடையேதான். அதை டெலிட் செய்தால் சரக்கோடு போய்விடும். எனவே ஒன்றே ஒன்றை மனதில் வையுங்கள்:

அம்பு இருந்தால் எடுக்கலாம். அம்பு இல்லாவிட்டால் இடம் மாற்றலாம், அழிக்கக் கூடாது.

அம்பு சரியாகத் தெரியவில்லையா? படத்தின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். ஷார்ட்கட்டாக இருந்தால் அங்கே அப்படியே எழுதியிருக்கும்.

எப்படிச் செய்வது?

1. முதலில் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

2. திரையில் காலியான இடத்தில் வலது பட்டனை அழுத்தி, 'நியூ', பிறகு 'ஃபோல்டர்' என்று போனால் புதிய கோப்புறை வரும். அதற்குப் 'பயன்படாதவை' என்று பெயர் கொடுங்கள்.

3. அடிக்கடி தேவைப்படாத ஷார்ட்கட்டுகளை அதற்குள் இழுத்துப் போடுங்கள். உள்ளே இருந்தாலும் அவை வேலை செய்யும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதே வேலையைத் தானாகச் செய்யும் வசதியோடு வந்தது. 60 நாளுக்கு ஒரு முறை, நாம் தொடாத ஷார்ட்கட்டுகளைக் காட்டி, தனிக் கோப்புறைக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். புரோகிராமை நீக்காது. அந்த வேலையை நாமே கையால் செய்கிறோம், அவ்வளவுதான்.

4. அடுத்து, அம்பு இல்லாத கோப்புகள். நம் பதிவேடுகளின் பெயரிலேயே கோப்புறைகள் திறங்கள்: சேமிப்பு, கடன், வருகை, தீர்மானம், வங்கி. டி டிரைவ் இருந்தால் அதில் வைப்பது நல்லது. டெஸ்க்டாப்பில் உள்ளவை வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். விண்டோஸைத் துடைத்து மறுபடி ஏற்றும்போது முதலில் போவது அந்த சி டிரைவ்தான். டி டிரைவில் வைத்தாலும் பென்டிரைவ் நகலைக் கைவிட வேண்டாம்.

5. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம் என்ற வரிசையில் எழுதுங்கள். '2025-06 சேமிப்பு' என்று வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். தேதிக்கு நடுவில் சாய்கோடு போட்டால் கணினி ஏற்காது, சின்னக் கோடு போடுங்கள்.

6. மிச்சம் இருப்பதை அடுக்க, காலி இடத்தில் வலது பட்டனை அழுத்தி 'வியூ', பிறகு 'ஆட்டோ அரேஞ்ச்'.

இவற்றில் கவனம்

கணக்கு மென்பொருள் தன் தகவல்களை வைத்திருக்கும் கோப்புறை டெஸ்க்டாப்பில் இருந்தால் அதை இழுத்து நகர்த்த வேண்டாம். அது பழைய விலாசத்திலேயே தேடும், கிடைக்காமல் திண்டாடும். எது அந்தக் கோப்புறை என்று கணக்காளரிடம் கேட்டுக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

தவறுதலாக அழித்துவிட்டால் பதற்றப்படாதீர்கள். உடனே கன்ட்ரோல் பட்டனோடு இசட் எழுத்தை அழுத்தினால் திரும்பி வரும். இல்லாவிட்டால் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டியில் தேடி, வலது பட்டன் அழுத்தி 'ரீஸ்டோர்' கொடுங்கள். சுத்தம் செய்த பிறகு ஒரு மாதமாவது அந்தத் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். ஷிஃப்ட் பட்டனோடு சேர்த்து டெலிட் அழுத்தினால் தொட்டிக்குப் போகாமல் நேராக அழிந்துவிடும். பென்டிரைவில் அழிப்பதும் பொதுவாக அப்படித்தான்.

ஷார்ட்கட்டை எடுத்ததால் கணினி வேகமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேகம் கூடுவது நம் கைக்குத்தான், தேடும் நேரம் மிச்சம்.

உறுப்பினர் ஆவணம் ஊர் பார்க்க வேண்டாம்

இது திரை அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. நம்மை நம்பி ஒரு சகோதரி கொடுத்த ஆதார் நகலும் பாஸ்புக் பக்கமும் டெஸ்க்டாப்பில் கிடந்தால், அலுவலகத்துக்கு வந்து போகிறவர் எல்லாம் பார்க்கலாம், போனில் படமும் எடுக்கலாம். அவற்றைத் தனிக் கோப்புறைக்கு மாற்றுங்கள். கணினிக்கு பாஸ்வேர்டு போடுங்கள். வேலை முடிந்த நகலை, அந்த உறுப்பினருக்குத் தெரிவித்துவிட்டு, நிர்வாகிகள் முன்னிலையில் நீக்குங்கள். முழு எண் தேவையில்லாத இடத்துக்கு, கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை எடுக்கலாம்.

ஒருவர் கையில் விடாதீர்கள்

குழுவின் பணப்பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் என்று வைத்த அனுபவம் நமக்கு உண்டு. யார் மேலும் சந்தேகத்தால் அல்ல, எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. கணினியும் அப்படித்தான். கணக்காளருக்கு உடம்பு சரியில்லாத நாளில் கடன் மனு நின்றுவிடக் கூடாது. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கணக்காளரோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து சேர்ந்து செய்யுங்கள். எந்தக் கோப்பு எந்தக் கோப்புறையில் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

தொட்டால் கெட்டுவிடும் என்று ஒதுங்கி நின்ற காலம் போதும், சகோதரிகளே. அம்பைப் பாருங்கள், நகலை எடுங்கள், தைரியமாகத் தொடுங்கள்!