வேலப்பன் என்ற ஒற்றைப் பெயர்

2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் வர்றவங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கப்போறோம் என்று வீட்டிலிருந்தே பதிவு பண்ணிட்டுத்தான் மலை ஏறணும். ஊருக்குள் வந்தபிறகு கேட்பதைவிடக் கிளம்பும் முன்னாடியே கேட்பது சுலபம், அவ்வளவுதான் யோசனை. சர்வதேச விமானப் பயணத்தில் இதே யோசனை ரொம்ப வருஷமா நடைமுறையில் இருக்கு. அது எப்படி வேலை செய்யுதுன்னு நான் தோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பாவுக்குப் பூம்பாறை. பூண்டு விவசாயம். ஊர்க்கோவில் குழந்தை வேலப்பரை நினைத்து வைத்த பெயர் வேலப்பன். பாஸ்போர்ட்டிலும் அவ்வளவுதான், குடும்பப் பெயர் என்ற இடம் காலி. 2022 டிசம்பரில் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குத் துபாய் போக, விசிட் விசாவோடு மதுரை விமான நிலையத்துக்குப் போனார். கவுண்டரில், "ஒரே பேருதான் இருக்கு, ஏத்த முடியாது" என்றார்கள்.

"தம்பி, அறுபது வருஷமா எனக்கு ஒரே பேருதான்யா" என்று சொல்லிப் பார்த்தார். விமானம் கிளம்பிப் போச்சு.

இதில் கவனிக்க வேண்டியது, அவரைத் தடுத்தது துபாய் அதிகாரி கிடையாது. துபாய் எல்லைக்கு அவர் போகவே இல்லை. எல்லைதான் மதுரைக்கு வந்திருந்தது.

எல்லை எப்படி இடம் மாறியது?

நுழையத் தகுதியில்லாத பயணியைக் கொண்டுவந்து இறக்கினால், அவரைத் திருப்பி அழைத்துப்போகும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. அபராதம் தனி. இந்தியாவில் 2000-ல் வந்த சட்டம், உரிய ஆவணம் இல்லாதவரைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் வைத்தது. (2025-ல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.) ஆக, கவுண்டரில் நிற்கும் ஊழியர் சம்பளமில்லாத குடியேற்ற அதிகாரியும்கூட. சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

இதோடு தகவல் அனுப்பும் வேலையும் சேர்ந்தது. ஐ.நா. பாதுகாப்பு சபை 2014-ல் 2178-ஆம் தீர்மானத்திலும், 2017-ல் 2396-ஆம் தீர்மானத்திலும் இதை வலியுறுத்தியது. தகவல் இரண்டு வகை.

முதல் வகை, பாஸ்போர்ட்டில் இருப்பது: பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு. செக்-இன் சமயத்தில் இது போகும். சில நாடுகளில் 'ஏற்றலாம்', 'ஏற்றாதே' என்ற பதில் உடனே திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் போர்டிங் பாஸ் அச்சாகும்.

இரண்டாவது வகை, டிக்கெட் பதிவில் இருப்பது: போன் நம்பர், பணம் கட்டிய விதம், கூட வர்றவங்க, பயண வழி, பெட்டி விவரம். இந்தியாவில் இதற்கான விதிமுறை 2022 ஆகஸ்ட் 8-ல் வந்தது. விமானம் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே நிறுவனங்கள் இதைச் சுங்கத் துறைக்குத் தரணும். 5 வருஷம் வரை வைத்துக்கொள்ளலாம். தராவிட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு

பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 எழுத்து. இயந்திரம் படிப்பது அதைத்தான். இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு.

பெரியப்பா பிறந்தது 1962 ஜூன் 15. வரியில் இது 620615. இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டணும்: 42 + 6 + 0 + 42 + 3 + 5 = 98. பத்தால் வகுத்தால் மீதி 8. அதுதான் சரிபார்ப்பு இலக்கம். யாராவது 62-ஐ 65 என்று தப்பாக அடித்தால் கூட்டல் 107 ஆகும், மீதி 7. தப்பு உடனே மாட்டிக்கும். அழகான ஏற்பாடு.

ஆனால் பெயர் இருப்பது முதல் வரியில். அந்த வரிக்குச் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது! எண்களைக் காவல் காக்கும் கணக்கு பெயரைத் தொடுவதில்லை. தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிடும்போது முதலில் பார்ப்பதோ பெயரை.

அந்தப் பெயரும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு பெட்டிக்குள் அடங்கணும். நம்ம ஊரில் இரண்டாவது பெட்டி கிடையாது, இனிஷியல்தான் உண்டு. அப்பா பெயரை அந்தப் பெட்டியில் போட்டால், அமெரிக்காவில் பொண்ணை 'மிஸ் முருகேசன்' என்று கூப்பிடுவாங்க. காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யூ' என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்.

2022 நவம்பர் 21-லிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் விசிட் விசாக்காரர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அங்கே குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. சில நாளிலேயே ஒரு விளக்கம்: பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும். பெரியப்பாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் சின்னச்சாமி என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் இயந்திரம் அந்தப் பக்கத்தைப் படிக்காது. கவுண்டரில் இருந்தவரும் புரட்டவில்லை.

பத்து நாள் கழித்து அதே பாஸ்போர்ட்டோடு மறுபடி போனார். வேறொரு ஊழியர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார். பிறந்தநாள்தான் முடிஞ்சு போச்சு.

முன்கூட்டிய சோதனை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. போலிப் பாஸ்போர்ட்டையும் தேடப்படுபவரையும் விமானம் ஏறும் முன் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இருபது வருஷம் மென்பொருள் எழுதியவனாக ஒன்று சொல்வேன்: பெயரை வைத்து முடிவெடுக்கும் எந்த அமைப்பும் தப்பு பண்ணும். தப்பு நடந்தால் அங்கேயே, விமானம் கிளம்பும் முன் திருத்த ஒரு வழி வேணும். இப்போ அந்தச் செலவு முழுக்கப் பயணி தலையில்.

அதுவரை நாம செய்யக்கூடியது: டிக்கெட்டிலும் விசாவிலும் பெயரை அந்த முதல் வரியில் இருக்கிறபடியே போடுங்க. ஒற்றைப் பெயர்க்காரர்கள் பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கும்போதே குடும்பப் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் விசா எடுக்கும் முன் செய்யணும். பெரியப்பா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். "அப்பா பேரு என் பேருக்குப் பின்னாடி வருதா? எப்பவும் முன்னாடிதானப்பா வரும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.