கொடைக்கானல் ஏறும் பழைய டீசல் கேரவன்: புகையும் பெடலும் சொல்லும் சேதி என்ன?

திண்டுக்கல்லில் இருந்து வத்தலகுண்டு வரை சமவெளி. பழைய டீசல் வேனில் என்ன குறை இருந்தாலும் அந்தச் சாலையில் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதைத் தாண்டி காட் ரோடு தொடங்கியதும் கதை மாறும். ஏறும்போது இன்ஜினின் குறை வெளிவரும். இறங்கும்போது பிரேக்கின் குறை வெளிவரும். முதலாவது பர்ஸைக் கடிக்கும். இரண்டாவது உயிரோடு விளையாடும்.

செகண்ட் ஹேண்டில் ஒரு டெம்போ டிராவலரை வாங்கி, கட்டில், சிங்க், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்தி கேரவன் ஆக்கும் ஆசை பலருக்கு உண்டு. உள்ளே செய்யும் மர வேலைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது போனட்டுக்கும் சக்கரத்துக்கும் கொடுக்க வேண்டும். எதை, எப்படிப் பார்ப்பது?

ஸ்கேனர் எதுவும் சொல்லாது

இன்றைய கார்களில் கோளாறு வந்தால் ஸ்கேனரை மாட்டினால் போதும், ஒரு கோடு எண் வந்துவிடும். பழைய டிராவலரில் இருப்பது மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஓஎம்616 வழிவந்த 4 சிலிண்டர் டீசல் இன்ஜின். பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்து, 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆன நிறுவனம் தயாரித்தது. முழுக்க மெக்கானிக்கல் டீசல் பம்ப் கொண்ட வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது. எனவே புகை, சத்தம், வாசனை, பெடல் இந்த நான்கும்தான் ஸ்கேனர்.

புகையின் நிறம் என்ன?

கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. முதலில் பார்க்க வேண்டியது மிக மலிவான பொருள்: ஏர் ஃபில்டர். அது சுத்தமாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டர் நாசில், அப்புறம் டீசல் பம்ப்.

இதில் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அதற்கேற்பக் குறைவாகவே சுவாசிக்கும். ஆகவே மேலே போகப் போக கொஞ்சம் கரும்புகையும் இழுவைக் குறைவும் இயல்பு. திண்டுக்கல் பைபாஸிலேயே கறுப்பாகக் கக்கினால்தான் அது நோய்.

நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் குபுகுபு என்று புகை தள்ளுகிறதா? அப்படியென்றால் எரியும் அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் அந்த வண்டியை வாங்கக் கூடாது.

வெண்புகையில் இரண்டு வகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கண்ணை எரிக்கும் வாசனையோடு வந்து, சூடானதும் நின்றால், எரியாத டீசல். ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட் மீது சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த படிவம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

‘செல்ஃப் அடிக்குது, எடுக்க மாட்டேங்குது’

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. பேட்டரி நன்றாக இருந்து, செல்ஃபும் வேகமாகச் சுற்றி, சைலன்ஸரில் புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய வண்டியில் இதற்கு வழக்கமான காரணம், ரப்பர் ஹோஸிலோ ஃபில்டர் வாஷரிலோ உள்ள மெல்லிய விரிசல். வண்டி ஓடும்போது அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும். இரவு நிறுத்தி வைத்தால் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும்.

கைப் பம்பை அழுத்தி ஏர் எடுத்ததும் உடனே ஸ்டார்ட் ஆகி, மறுநாள் காலையில் மறுபடி அதே பிரச்சினை வந்தால், காற்று நுழையும் ஓட்டையைத்தான் தேட வேண்டும். பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான். சில நூறு ரூபாய் ஹோஸுக்குப் பதிலாகப் பல ஆயிரம் ரூபாய் பில் வருவது இந்த வரிசை மாறும்போதுதான்.

சூடு முள் ஏன் ஏறுகிறது?

ஏற்றத்தில் மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பெல்ட் தளர்வு, தெர்மோஸ்டாட் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். பலரும் மறப்பது ரேடியேட்டர் மூடி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொடைக்கானலில் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை உயர்கிறது. மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் நல்ல இன்ஜினும் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது.

இறங்குவதற்கு முன் பெடலைக் கேளுங்கள்

4 டன் எடையுள்ள கேரவன் கொடைக்கானலில் இருந்து அடிவாரத்துக்கு வரும்போது சுமார் 1,800 மீட்டர் கீழே இறங்குகிறது. அதில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 7 கோடி ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 240 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றும் டயரும் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் சூடாக இறங்குகிறது. ஆகவே சமவெளியிலேயே, வண்டி நிற்கும்போதே செய்யக்கூடிய சில சோதனைகள் அவசியம்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்தால்: லைனில் காற்று இருக்கிறது, அல்லது பின் டிரம்மில் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது.

மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடித்திருக்கும்போது பெடல் மெதுவாக உள்ளே போனால்: வெளியே ஆயில் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. இந்த நிலையில் வண்டியை மலைக்கு எடுக்கவே கூடாது.

பெடல் கல்லு மாதிரி இருந்தால்: வாக்குவம் இல்லை. பெட்ரோல் இன்ஜின் போல டீசல் இன்ஜின் தானாக வாக்குவம் உண்டாக்காது. அதற்கென்று தனி வாக்குவம் பம்ப் உண்டு. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே அது இருக்கும். சோதனை எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பெடலை மிதிக்க வேண்டும். அது இறுகியதும், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவில்லை என்றால் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்றில் பழுது.

மிதித்தால் ஒரு பக்கம் இழுத்தால்: ஒரு கேலிப்பர் இறுகியிருக்கலாம், அல்லது லைனரில் ஆயில் பட்டிருக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பின் நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கையால் தொடாமல், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்ப்பது நல்லது.

பார்த்தால் தெரியாத எதிரி

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அதற்கான அளவுகோல் 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. பழைய ஆயில் இறக்கத்தில் கொதித்தால் லைனில் ஆவிக் குமிழிகள் உருவாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மேலே நன்றாக இருந்த பெடல், கொண்டை ஊசி வளைவில் தரையைத் தொடுவது இப்படித்தான். ஆறியதும் பெடல் பழைய நிலைக்கே வந்துவிடும். ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று மெக்கானிக் திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுவதே தீர்வு.

நியூட்ரல் கணக்கு தப்பு

‘இறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்’ என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை என்றால், டீசல் பம்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் போகும். இன்ஜினையே அணைத்தால் இன்னும் ஆபத்து. வாக்குவம் போய் பெடல் கல்லாகிவிடும்.

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் டிரைவர்களின் பழைய விதி. பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

எடையும் சட்டமும்

100 லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பினால் 100 கிலோ. அதோடு பேட்டரி, ஃபிரிட்ஜ், பிளைவுட், ஆட்கள். ஆர்.சி. புக்கில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திணறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவின்படி, பதிவில் உள்ள விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்ற ஒப்புதல் வேண்டும். போக்குவரத்து வாகனமாகப் பதிவான வேன் 8 ஆண்டைத் தாண்டியிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும்.

கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் எதை முதலில் செய்வது? பிரேக்தான். இழுவை இல்லாத வண்டி பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேரலாம். நிற்காத வண்டியில் அந்த வாய்ப்பு கிடையாது.