கருவறை முதல் காளைப் பருவம் வரை

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தொட்டிலுக்கும் முன்னே, தாயின் கருவறையிலேயே நம் உடல்நலக் கணக்கு தொடங்கிவிடுகிறது என்கிறது மருத்துவ அறிவியல். இதை எப்படிக் கண்டறிந்தார்கள்? விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் அடுகோடிக்கு ஒரு பக்கம் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ்; மறுபக்கம் கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ். இவ்விரண்டும், அண்டை நகரான மைசூரும் இத்துறையில் பெயர் பெற்றவை.

பழைய பேரேடுகள் சொன்ன சேதி

மைசூர் மக்கள் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பேரேட்டில் குறித்து வைத்தார்கள். பிற்கால ஆராய்ச்சிக்கு இது உதவும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்!

பிறப்பு எடைக்கும் பிற்கால இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் சொல்லிவந்தார். அது நம் நாட்டுக்கும் பொருந்துமா என்று பார்க்க மைசூர்ப் பேரேடுகளைப் புரட்டினார்கள். 1934க்கும் 1954க்கும் இடையே பிறந்த 517 பேரைத் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. 1996இல் வெளியான முடிவு இது.

கருவிலிருந்தே பின்தொடர்தல்

பழைய ஏட்டில் தாய் என்ன உண்டாள், அவளுக்குச் சர்க்கரை இருந்ததா என்ற விவரமெல்லாம் இராது. ஆகவே 1997-98இல் அதே மருத்துவமனையில் 'பார்த்தினான்' ஆய்வு தொடங்கியது. கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்து, பிறந்த குழந்தைகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, வாலிப வயது வரை தொடர்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு நீரிழிவு இருந்தால், பிள்ளைகளின் உடலில், முக்கியமாகப் பெண் குழந்தைகளிடம், ஐந்து வயதிலேயே கொழுப்பு கூடுவது தெரிந்தது. கர்ப்பத்தில் ஃபோலேட் சத்து நன்றாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் 9, 10 வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள்.

இருபது ஆண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நிம்ஹான்ஸ் தலைமையில் நடந்த 'சி-வேதா' ஆய்வு, நாட்டின் ஏழு மையங்களில் 6 முதல் 23 வயது வரையிலான சுமார் 9,000 பேரைச் சேர்த்தது. 6-11, 12-17, 18-23 என மூன்று வயதுப் பிரிவினரை ஒரே சமயத்தில் பின்தொடர்ந்தால், ஒரு பிரிவு முடியும் இடத்தில் அடுத்தது தொடரும். நீண்ட காலத்தின் படம் சில ஆண்டுகளில் கிடைத்துவிடும். இவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளையின் ஸ்கேன் படமும் எடுத்தார்கள். உடலில் சிறிதளவு ஆர்சனிக் நஞ்சு சேர்ந்தாலும் மூளை வளர்ச்சியும் சிந்தித்துச் செயல்படும் திறனும் குறைந்து காணப்படுவதாக 2023இல் இந்த ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வந்தது.

தொடர்பு வேறு, காரணம் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நல்ல உணவுக்கு வழியுள்ள வீட்டில் நல்ல பள்ளிக்கும் வழியிருக்கும். பிள்ளையின் அறிவு எதனால் வளர்ந்தது? இதைப் பிரித்தறியவே சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கிச் சோதிக்கிறார்கள். பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு சோதனையில் 366 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு பி-12 மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து உண்டவர்களின் இரத்தத்திலும் தாய்ப்பாலிலும் குழந்தைகளிடமும் அந்தச் சத்து கூடியது.

நம் பங்கு என்ன?

இத்தகைய ஆய்வுக்குப் பெரிய இடையூறு, பாதியில் காணாமல் போகும் குடும்பங்கள்தாம். வாடகைக்கும் போக்கியத்துக்கும் வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எளியவர்கள் விடுபட்டுப் போனால், வசதியுள்ளோரின் உடலை மட்டும் பார்த்து எழுதிய முடிவே மிஞ்சும். அதை வைத்தே நம் பிள்ளைகளுக்கும் திட்டம் வகுக்கப்படும்.

எனவே, ஆய்வுக்கு அழைத்தால் விவரம் கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மறுக்கவும், இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. சம்மதித்துச் சேர்ந்தால், வீடு மாறும்போது புது முகவரியைத் தெரிவியுங்கள். கர்ப்பிணிகள் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தாயி கார்டையும் குழந்தையின் எடைக் குறிப்பையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். 1934இல் யாரோ ஒரு செவிலியர் எழுதிய எடை, அறுபது ஆண்டு கழித்து உலகுக்கே பாடமானது. நம் வீட்டுப் பிள்ளையின் எடையும் எழுதி வைக்கத் தக்கதே.